‘நாய்தானே செத்துப்போச்சு?’ - அந்த ஒரு வார்த்தை யாரையெல்லாம் உடைக்கிறது தெரியுமா?

கடந்த நவம்பரில் ஓர் இரவு. மணி 10.40. சென்னையில் விடாத மழை. வேலை முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு முனையில் இருக்கும் டீக்கடையின் ஷட்டர் ஓரம் ஒரு நாய்க்குட்டி. ஏதோ வண்டி ஏறியிருக்க வேண்டும். பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு முனகியபடி இருந்தது.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது ‘நாய் அக்கா’தான். இரண்டு தெரு தள்ளி அம்மாவோடு இருக்கிறார். பகலில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. காலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஸ்கூட்டியில் சாதம் கொண்டுவந்து, எங்கள் ஏரியாவின் முப்பது, முப்பத்தைந்து நாய்களுக்கு வைப்பார். கருத்தடை ஆபரேஷன், தடுப்பூசி என அத்தனையும் அவர் பொறுப்பு. முன்பு ஒருமுறை பூனைக்குட்டி ஒன்று கால்வாயில் விழுந்தபோது போன் செய்தேன். பழைய டவலும் கூடையுமாக இருபதே நிமிடத்தில் வந்து நின்றார்.

அந்த நம்பிக்கையில்தான் அன்றைக்கும் கூப்பிட்டேன். நான்காவது முறைதான் எடுத்தார்.

“என்னால முடியலம்மா. வேற யாரையாச்சும் பாரு.”

கட்.

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிடம் கோபம். ‘சிலருக்கு போட்டோ எடுக்கத்தான் நாய் வேணும்போல’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தேன். அவர் பார்ப்பார் என்று தெரிந்தேதான் வைத்தேன்.

பிறகு டீக்கடை அண்ணன் ஓர் அட்டைப்பெட்டி கொடுத்தார். இரவு முழுக்க ஹாஸ்டல் வாசலில் குட்டியோடு உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் ஆட்டோ பிடித்து கிளினிக்குக்குப் போனேன். முதுகெலும்பு முறிந்துவிட்டது, காப்பாற்ற வழியில்லை, வலியில் விடுவதைவிட ஊசி போட்டுவிடலாம் என்றார் டாக்டர்.

“நீங்கதானே கூட்டிட்டு வந்தது? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். ஒரு கையெழுத்துக்கு என் கை அப்படி நடுங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான்கு நாள் கழித்து அக்காவின் அம்மாவைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். “அன்னிக்கு ஒரே நாள்ல நாலு குட்டி பார்வோவுல போயிடுச்சும்மா. அதுக்கு முந்தின நாளு ஒரு பெரிய நாய்க்கு ஊசி போடச் சொல்லி அவதான் கையெழுத்துப் போட்டா. ரூமைச் சாத்திட்டுப் படுத்தவதான். ஆபீஸுக்குக்கூடப் போகல” என்றார்.

எனக்கு ஒரு குட்டி. ஒரு கையெழுத்து. ஒரு வாரம் சாப்பிட முடியவில்லை. அக்காவுக்கு இது பதினோராவது வருடம்.

அன்றைக்கே ஸ்டேட்டஸுக்காக மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பினேன். இந்த வாரப் பகுதியை எழுதும் எண்ணமும் அங்கேதான் வந்தது. அடிபட்ட நாயைப் பார்த்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று நமக்குத் தெரியும். அப்படிக் கூப்பிடப்படுகிறவர் உடைந்துபோனால், அவர் யாரைக் கூப்பிடுவார்?

இந்தக் களைப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது

‘கம்பாஷன் ஃபெட்டீக்’ என்கிறார்கள். தமிழில் ‘கருணைக் களைப்பு’ என்று சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்க நர்ஸான கார்லா ஜாய்ன்சன், மருத்துவமனைச் செவிலியர்களைப் பற்றி 1992-ல் எழுதிய கட்டுரையில் இந்த வார்த்தையைப் பயன்படுத்தினார். பிறகு உளவியலாளர் சார்லஸ் ஃபிக்லி 1995-ல் இதைப் பற்றிப் புத்தகமே கொண்டுவந்தார். அடுத்தவர் படும் வலியைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு, அந்த வலியில் ஒரு பங்கு தங்களுக்கும் வந்துவிடுகிறது என்பதுதான் விஷயம்.

வேலைப் பளுவால் வரும் ‘பர்ன் அவுட்’டுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. வேலை அதிகமென்றால் நாலு நாள் லீவு போட்டால் கொஞ்சம் தெளியும். கருணைக் களைப்பில் லீவு போட்டாலும் கண்ணை மூடினால் அந்தக் குட்டியின் முகம்தான் வரும். பெரும்பாலான விலங்கு ஆர்வலர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்தேதான் வருகிறது.

இது ஒருவரின் குணத்தில் இருக்கும் கோளாறு கிடையாது. “முன்னெல்லாம் எவ்ளோ பாசமா இருப்பா, இப்போ எரிஞ்சு விழுறா” என்று நாம் சொல்லும் ஆளுக்கு, பாசம் தீர்ந்துவிடவில்லை. பாசம் காட்டிக் காட்டி அவர் உடம்பும் மனசும் ஓய்ந்திருக்கிறது.

விலங்குகளோடு வேலை செய்பவர்களுக்கு ஏன் கூடுதல் பாரம்?

செவிலியர், ஆம்புலன்ஸ் ஊழியர், தீயணைப்பு வீரர் என இந்தக் களைப்பு பலருக்கும் வரலாம். ஆனால், விலங்கு நலப் பணியில் மட்டும் இருக்கும் சில பாரங்கள் உண்டு.

முதலாவது, உயிரை முடித்துவைக்கும் பொறுப்பு. காப்பாற்றத்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள். ஆனால், குணமாகாத நோயிலும் காயத்திலும் துடிக்கும் உயிருக்கு ஊசி போடச் சொல்லும் முடிவையும் அவர்கள்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க சமூகவியலாளர் அர்னால்ட் ஆர்லுக், விலங்குகள் காப்பகத்தில் வேலை செய்பவர்களைக் கவனித்து, ‘பராமரிக்கும் கையே கொல்லவும் வேண்டியிருக்கும் முரண்’ என்று இதைச் சொன்னார். காலையில் பால் ஊட்டிய அதே கை, மாலையில் அதன் தலையைத் தாங்கிப் பிடித்திருக்கும். வேறு எந்த வேலையில் இப்படி இருக்கிறது?

இரண்டாவது, முடிவே இல்லாத எண்ணிக்கை. ஒரு பெண் நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாள்தான். வருடத்துக்கு இரண்டு முறை குட்டி போடலாம். ஒரு நாயைக் கருத்தடைக்குக் கொண்டுபோய்விட்டு வருவதற்குள் அடுத்த தெருவில் ஆறு குட்டிகள் கண் திறந்திருக்கும். மழைக்காலத்தில் பார்வோ, தீபாவளிக்கு வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடி அடிபடுபவை, வெயில் காலத்தில் தண்ணீர் இல்லாமல் சுருண்டு விழுபவை என்று வருடம் முழுக்க ஒன்று மாற்றி ஒன்று வரும்.

மூன்றாவது, நியாயம் கிடைக்காத கசப்பு. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. முதல் முறை வதை செய்து பிடிபட்டவருக்கு அதன்படி அபராதம் எவ்வளவு தெரியுமா? குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. ஆனால், அதற்குப் புகார் கொடுத்து, பிரேதப் பரிசோதனை செய்து, சாட்சி பிடித்து, ஸ்டேஷனுக்கு நடையாய் நடக்க வேண்டும். நடப்பவர் யார்? காலையில் சாதம் வைத்த அதே அக்காதான்.

நான்காவது, தெருவின் கோபம். 2025-ல் தெருநாய்கள் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் நாடே பேசியது நினைவிருக்கும். ஆகஸ்ட் 11-ல் டெல்லி சுற்றுவட்டாரத் தெருநாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உத்தரவு வந்தது. ஆகஸ்ட் 22-ல் அது மாற்றப்பட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவை, ஆக்ரோஷமானவை மட்டும் விதிவிலக்கு என்றது நீதிமன்றம். உணவு வைக்கத் தனி இடம் ஒதுக்கவும் சொன்னது. நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் போன்ற இடங்களில் இருந்து நாய்களை அகற்றச் சொல்லி இன்னோர் உத்தரவு. இந்த மாதங்களில் சாதம் வைக்கப் போனவர்களில் பலர் தெருவில் வாங்கிய வசவுகளை எழுத முடியாது.

நாய்க்குப் பயப்படுபவர்களின் பயமும் உண்மையானது. அதை மறுக்கவே கூடாது. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் உயிர் பிழைப்பது ஏறக்குறைய முடியாது. கடிபட்ட குழந்தையின் அம்மாவிடம் போய் கருணை பற்றிப் பாடம் எடுக்க முடியாது. ஆனால், அந்த பயத்தைக் குறைக்கும் வேலையைச் செய்வதும் இவர்கள்தான். கோவாவில் பல வருடங்கள் நாய்களுக்குத் தெருத் தெருவாகத் தடுப்பூசி போட்டார்கள். 2021-ல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட முதல் மாநிலம் என அறிவிக்கப்பட்டது. தினமும் சாப்பாடு வைப்பவர் கூப்பிட்டால்தான் நாய் பக்கத்தில் வரும். பக்கத்தில் வந்தால்தான் ஊசி போட முடியும்.

‘இதுக்கெல்லாமா அழுவாங்க?’

ஐந்தாவது பாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை, அதிகம் உடைப்பது இதுதான்.

நம் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருவே வந்து நிற்கும். பக்கத்து வீட்டிலிருந்து காபி வரும். துக்கம் விசாரிக்க வருபவர்கள் ஒவ்வொருவரிடமும் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அழுது, பதினாறாம் நாள் காரியத்துக்குள் மனசு கொஞ்சம் ஆறும். பெரியவர்கள் தெரியாமல் வைத்த வழக்கமில்லை இது.

நாலு குட்டி செத்த வீட்டுக்கு யார் போவது? ஆபீஸில் “எங்க தெரு நாய் செத்துப்போச்சு சார், இன்னைக்கு வர முடியல” என்று லீவு கேட்க முடியுமா? சிரிப்பார்கள். வீட்டில் அழுதால், “நாய்தானே செத்துப்போச்சு? மனுஷங்களே செத்துட்டிருக்காங்க” என்பார்கள்.

ஊர் ஒப்புக்கொள்ளாத இந்த மாதிரி துக்கத்தைப் பற்றி, கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-லேயே புத்தகம் எழுதினார். வெளியில் காட்ட முடியாத துக்கம் ஆறுவதற்கு ரொம்ப நாளாகும். விலங்கு ஆர்வலர்களுக்கு ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

கால்நடை மருத்துவர்களும் இதில் தப்பவில்லை. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையிலான மரணப் பதிவுகளை ஆராய்ந்து 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் தற்கொலையால் இறப்பது பெண் கால்நடை மருத்துவர்களிடம் 3.5 மடங்கும், ஆண்களிடம் 2.1 மடங்கும் அதிகம் என்றது அது. அந்த ஊர்க் கணக்கு நமக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனாலும், ‘எங்க நாயைக் காப்பாத்திடுங்க’ என்று நாம் கையில் ஒப்படைத்துவிட்டு வரும் மனிதரையும் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கச் சொல்கிறது.

யாருமே கண்டுகொள்ளாத இன்னொரு கூட்டம்

மாநகராட்சி வண்டியில் நாய் பிடிக்க வருபவர்கள், காப்பகத்தில் கூண்டு கழுவுபவர்கள், ஆபரேஷன் முடிந்த நாய்க்குக் கட்டு மாற்றுபவர்கள். இவர்களை யாரும் ‘விலங்கு ஆர்வலர்’ என்று சொல்வதில்லை. மாதச் சம்பளத்துக்கோ தினக்கூலிக்கோ வேலை செய்பவர்கள்.

வண்டி வந்து நின்றதும் ஒரு பக்கத்திலிருந்து, “பாவிங்களா, கொண்டுபோய்க் கொல்லப் போறீங்களா?” என்று குரல் வரும். ஆபரேஷன் முடிந்து திரும்பக் கொண்டுவந்து விட்டால் இன்னொரு பக்கத்திலிருந்து, “இங்கயே ஏன்டா திரும்ப விடுறீங்க?” என்று சண்டை வரும். பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023-ம் வருட விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதி. அதை அவர்கள் எழுதவில்லை. கடி வாங்கும் ஆபத்தும் அவர்களுக்கு, திட்டும் அவர்களுக்கு. அடுத்த முறை அந்த வண்டி உங்கள் தெருவுக்கு வந்தால் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுங்களேன்.

இந்த அறிகுறிகள் உங்களுக்கு இருக்கிறதா?

நீங்கள் விலங்குகளுக்காக வேலை செய்பவர் என்றால் இதை நிதானமாகப் படியுங்கள்.

* போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. தெரியாத நம்பர் என்றால் எடுக்கவே கை வருவதில்லை.
* இறந்துபோன ஒரு விலங்கின் முகம் தூக்கத்திலும் குளிக்கும்போதும் திரும்பத் திரும்ப வருகிறது.
* ‘மனுஷங்களே மோசம்’ என்ற எண்ணம் நிலையாகத் தங்கிவிட்டது. வீட்டில் இருப்பவர்கள்மேல் எரிந்து விழுகிறீர்கள்.
* அல்லது நேர் எதிராக எதுவுமே தோன்றவில்லை. ஒரு குட்டி இறந்தாலும், ‘சரி, அடுத்தது’ என்று மரத்துப்போய் நகர்கிறீர்கள்.
* ஒரு கல்யாணத்துக்குப் போய் உட்கார்ந்தால்கூட, ‘இங்க சாப்பிட்டுட்டு இருக்கேனே, அதுங்க பட்டினியா இருக்குமே’ என்று குற்ற உணர்ச்சி வருகிறது.
* நாய்க்கு மாத்திரை தவறுவதில்லை. உங்கள் பி.பி. மாத்திரை தவறுகிறது.
* ‘இன்னும் ஒண்ணுதானே’ என்று கொண்டுவந்து கொண்டுவந்து, வீட்டில் இடமும் காசும் தாண்டிப் போய்விட்டது.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். முடியாது என்று சொல்லத் தெரியாததால், இரண்டு அறை வீட்டில் இருபது, முப்பது விலங்குகள் சேர்ந்துவிடுவதுண்டு. சுத்தம் செய்ய ஆளில்லாமல், ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் பரவும். யாரைக் காப்பாற்றக் கொண்டுவந்தோமோ அவற்றுக்கே அது ஆபத்தாக முடியும்.

உங்கள் நிலையை நீங்களே பார்த்துக்கொள்ள ‘புரோக்வால்’ என்ற கேள்வித்தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மொத்தம் 30 கேள்விகள். கடந்த 30 நாள்களை நினைத்துப் பதில் எழுத வேண்டும். களைப்பை மட்டும் அது அளப்பதில்லை. இந்த வேலை உங்களுக்குத் தரும் சந்தோஷத்தையும் சேர்த்து அளக்கிறது. அந்த சந்தோஷத்தின் மதிப்பெண் குறைந்துகொண்டே வந்தால், ஓய்வெடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் செய்துகொள்ள வேண்டியவை

1. ஓர் எண்ணை எழுதி ஒட்டுங்கள். வீட்டில் எத்தனை விலங்கு, மாதத்துக்கு எத்தனை மீட்பு, எவ்வளவு ரூபாய் என்பதை மனசு அமைதியாக இருக்கும் ஒரு நாளில் முடிவுசெய்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். இரவு 11 மணிக்கு அழுகைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எடுக்கும் முடிவு சரியாக இருக்காது.

2. போனுக்கு நேரம் வையுங்கள். ஏரியாவில் நான்கு பேர் இருந்தால் நாளுக்கு ஒருவர் என்று முறை வைக்கலாம். முறை இல்லாத நாளில் போன் சைலன்ட். தனி ஆள் என்றால் இந்த வேலைக்கு மட்டும் ஒரு சிம் வைத்துக்கொண்டு இரவில் அணைத்துவிடலாம்.

3. ‘முடியாது’ என்பதற்கு ஒரு மெசேஜ் தயாராக இருக்கட்டும். பக்கத்தில் இருக்கும் இரண்டு கிளினிக்குகளின் பெயர், அடிபட்ட விலங்கை எப்படித் தூக்க வேண்டும் என்ற நாலு வரி, கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962, சென்னை என்றால் மாநகராட்சியின் 1913. இதை அனுப்பினாலே பாதி உதவி செய்த மாதிரிதான்.

4. இறந்ததற்குப் பத்து நிமிடம் கொடுங்கள். புதைத்த இடத்தில் ஒரு பூ, ஒரு விளக்கு, எது உங்களுக்குப் பழக்கமோ அது. ஒரு நோட்டில் அதன் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து, பிழைத்தவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள். நம் மனசு போனதை மட்டும்தான் எண்ணும். வந்ததை எண்ண நோட்டுதான் வேண்டும்.

5. ஊசி போடும் முடிவை ஒரே ஆள் சுமக்கக் கூடாது. குழுவாக இருப்பவர்கள் இதை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஏன் இந்த முடிவு என்று டாக்டரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். முடிந்ததும் நேராக அடுத்த வேலைக்கு ஓடாமல், கூட வந்தவரோடு ஒரு டீ குடித்துவிட்டுப் பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

6. உங்கள் உடம்பு முதலில். கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் ரேபிஸ் தடுப்பூசி இருக்கிறது. விலங்குகளோடு தினமும் பழகுபவர்கள் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். நாய்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள்.

7. பேசுங்கள். தூக்கமின்மையும் அழுகையும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம். “நாய் செத்ததுக்கா வந்தீங்க?” என்று அவர் சிரிக்க மாட்டார்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

“இதெல்லாம் உனக்கு எதுக்கு?” என்ற கேள்வியை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதை அவர்கள் தினமும் நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கே வருகிறார்கள். அதற்குப் பதில், “இன்னைக்கு என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். அறிவுரை வேண்டாம். அந்தக் கதையைக் கடைசி வரை கேட்டாலே போதும்.

காசு கரைகிறது என்ற உங்கள் கவலையும் நியாயமானதுதான். அதை அவர் அழுதுகொண்டிருக்கும் இரவில் பேசாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மாதம் இவ்வளவுதான் என்று சேர்ந்து முடிவு செய்யுங்கள். முடிந்தால் வாரத்தில் ஒரு வேளை நீங்கள் சாதம் வையுங்கள். அன்றைக்கு அவர் தூங்கட்டும்.

கூப்பிடும் நாம் என்ன செய்யலாம்?

இதை எனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

* போன் செய்துவிட்டு நம் வேலை முடிந்தது என்று கிளம்பாதீர்கள். உதவி வரும் வரை அங்கேயே நில்லுங்கள். அவர்கள் வந்து தேடும்போது அந்த விலங்கு நகர்ந்து போயிருந்தால், பாதி இரவு அந்தத் தேடலில் போய்விடும்.
* வலியில் இருக்கும் நாய் பழகியவரையும் கடிக்கும். முகத்துக்கு நேரே கையை நீட்டாதீர்கள். கனமான துணியைப் போர்த்தி, அட்டைப்பெட்டியில் மெதுவாக நகர்த்துங்கள். பல்லோ நகமோ பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.
* “நீங்க வந்து எடுத்துட்டுப் போங்க” என்பதற்குப் பதில், “நான் ஆட்டோவுல கொண்டு வர்றேன், எந்த கிளினிக்?” என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டோ காசும் மருந்துக் காசில் ஒரு பங்கும் நம்முடையதாக இருக்கட்டும்.
* ரத்தம் சொட்டும் வீடியோவை அவர்களுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். அதே வீடியோவை அவர்கள் அன்று இருபதாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இடம், நேரம், என்ன காயம் என்று எழுதினாலே போதும்.
* வளர்க்க முடியாத குட்டியை அவர்கள் வீட்டு வாசலில் அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டு ஓடாதீர்கள். இது நடக்காத ஊரே இல்லை.
* ‘முடியல’ என்று அவர்கள் சொன்னால், என்னைப் போல் ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். “சரிக்கா, நீங்க ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லுங்கள்.

அமைப்பு நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வார விடுமுறையை உண்மையிலேயே விடுமுறையாகக் கொடுங்கள். புதிதாக வரும் தன்னார்வலரை முதல் வாரமே மோசமான கேஸுக்கு அனுப்பாதீர்கள். மாதம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து அந்த மாதம் போனவற்றையும் பிழைத்தவற்றையும் பேசுங்கள். சேவை செய்ய வந்தவர்தானே, தாங்குவார் என்று நினைத்து நினைத்துத்தான் நல்ல ஆள்களை எல்லாம் இழக்கிறோம்.

அந்த அக்கா எப்படி இருக்கிறார்?

என் மெசேஜுக்கு அக்கா இரண்டு நாள் கழித்து பதில் அனுப்பினார். “குட்டி என்னாச்சு?” என்றுதான் கேட்டார். ஸ்டேட்டஸைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நடந்ததைச் சொன்னேன். உடனே போன் செய்து அரை மணி நேரம் பேசினார். அந்தக் கையெழுத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவரிடம்தான் முதன்முதலில் அழுதேன். பாவம், ஆறுதல் சொல்ல வேண்டிய நான், அன்றைக்கும் அவரிடமிருந்துதான் ஆறுதல் வாங்கினேன்.

இப்போது எங்கள் ஏரியாவில் மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம். டீக்கடை அண்ணன், எதிர் அபார்ட்மென்ட்டில் இருக்கும் ரிட்டயர்டு வாத்தியார், நான். ஞாயிறு இரவு என் முறை. அந்த இரவுகளில் அக்காவின் போன் சைலன்ட்டில் இருக்கும். மூன்று பேரால் முப்பது நாய்களின் கஷ்டம் தீர்ந்துவிடாது என்பது எங்களுக்கும் தெரியும். போன மாதம்கூட ஒரு நாயை இழந்தோம். ஆனால், அன்றைக்கு நாலு பேரும் டீக்கடையில் நின்று அதைப் பற்றிப் பேசினோம்.

பொங்கல் விடுமுறையில் அக்கா அம்மாவோடு கும்பகோணத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். ஆறு வருடத்தில் முதல் ஊர்ப் பயணமாம். “போன் பண்ணவே மாட்டேன், பாரு” என்று சவால் விட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காலை மெசேஜ் வந்தது.

“கருப்பன் கால்ல இருந்த கட்டை மாத்தினீங்களா?”

மூன்று நாள் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்!

உங்கள் தெருவிலும் ஒரு ‘நாய் அக்கா’வோ ‘பூனை அண்ணா’வோ இருப்பார். அடுத்த முறை பார்க்கும்போது நாயைப் பற்றி அப்புறம் பேசலாம். “நீங்க எப்படி இருக்கீங்க?” என்று முதலில் கேளுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.

*(மனம் தாங்க முடியாத அளவுக்குத் துவண்டுபோனாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ தனியாக இருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104. தமிழிலேயே பேசலாம்.)*